விண்ணப்பம் திரையிலே, விசாரணை எம்மொழியிலே?

வெளிநாடு செல்லும் ஒருவருக்கு இலங்கைப் பொலிஸ் திணைக்களம் வழங்கும் நற்சான்றிதழைப் பெறுவதென்றால், முன்னெல்லாம் யாழ்ப்பாணத்தான் ஒருவன் இரவு பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் 2014ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே இல்லாதிருந்த காலத்தில் அந்தப் பயணம் எத்தகையது என்பதைப் போய் வந்தவர்களைக் கேட்டால் அறியலாம். வழியெங்கும் சோதனைச் சாவடிகள்; கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு; விடுதி அறையின் கதவு தட்டப்படுமோ என்ற ஏக்கம். கடவுச்சீட்டின் பிரதி, அடையாள அட்டையின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகிய யாவற்றையும் ஓர் உறையிலிட்டு, அவ்வுறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்ற தந்தையரையும் தனையரையும் நாம் மறந்துவிடவில்லை.

இன்று அந்த வரிசை குறைந்துவிட்டது. பொலிஸ் திணைக்களத்தின் இணையத்தளத்தினூடாக வீட்டிலிருந்தவாறே விண்ணப்பிக்கலாம். பத்திரங்களைப் படமெடுத்து அனுப்பலாம். கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்தலாம். டொரன்ரோவிலோ மெல்போர்னிலோ இருப்பவரும் தாமிருக்கும் இடத்திலிருந்தே சான்றிதழைக் கோரலாம். நன்மையை நன்மையென்று கூறுவதில் நமக்குத் தயக்கமில்லை. ஏழைக் குடும்பமொன்றின் இரண்டு நாட் கூலியும் பஸ் கட்டணமும் மிச்சமாகுமானால், அது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் ஒரு கேள்வியை இன்றே எழுப்பி வைப்பது அவசியமாகின்றது. விண்ணப்பம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, விசாரணையும் மாறிவிட்டதா? படிவத்தைத் தாளிலிருந்து திரைக்கு ஏற்றிவிட்டதனால் மட்டும், தமிழ் பேசும் மக்களுக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் இடையே நெடுங்காலமாக நின்றுவரும் சுவர் தகர்ந்துவிட்டதா? இல்லை என்பதே நமது மறுமொழி. ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சான்றிதழ் எதற்கு?

மக்கள் பேச்சில் "பொலிஸ் கிளியரன்ஸ்" என வழங்கும் இச்சான்றிதழ் வெறுங் கடதாசியன்று. அது இல்லாமல் பலரது வாழ்க்கை ஓரங்குலமும் நகர்வதில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் கோருபவர், 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ச்சியாக 6 மாதம் அல்லது அதற்கு மேலாக வாழ்ந்த ஒவ்வொரு நாட்டினதும் பொலிஸ் சான்றிதழைக் காட்டவேண்டும். தற்போது வாழும் நாட்டின் சான்றிதழாயின், அது விண்ணப்பத்துக்கு முந்திய 6 மாதத்துக்குள் வழங்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். அவுஸ்திரேலியா 16 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதங்கள் வாழ்ந்த நாடுகளைக் கணக்கிற் கொள்கின்றது. ஐக்கிய அமெரிக்காவோ குடிவரவு விசாக் கோருபவரிடம், அவர் தம் பிரஜாவுரிமை நாட்டில் 16 வயதுக்குப் பின் 6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருந்தால், பத்தாண்டு எல்லை எதுவுமின்றியே அந்நாட்டின் சான்றிதழைக் கேட்கின்றது. மருத்துவமனைகளிலும் பாடசாலைகளிலும் பணிபுரிய ஐக்கிய இராச்சியம் செல்வோரிடமும் இது கேட்கப்படுகின்றது.

இதனால் விளைவது யாது? சான்றிதழ் ஒரு மாதம் பிந்தினால் தாதியொருத்தியின் வேலை பறிபோகலாம். இரு மாதம் பிந்தினால் கணவனும் மனைவியும் மேலும் ஓராண்டு பிரிந்து வாழ நேரலாம். பல்கலைக்கழக அனுமதி பெற்ற மாணவனுக்குத் தவணை தவறிப்போகலாம். வெளிநாட்டுத் தூதரகத்தின் கடிகாரம் எங்கள் பொலிஸ் நிலையத்தின் கடிகாரத்துக்காகக் காத்திருப்பதில்லை.

தொடர்பாடல் நிலையத்தில் ஒரு காட்சி

இணையவழி விண்ணப்பம் என்றவுடன் படித்தவர்கள் தத்தம் மேசைக் கணினியை நினைத்துக்கொள்கின்றனர். பருத்தித்துறையிலும் பூநகரியிலும் வாகரையிலும் பொத்துவிலிலும் காணப்படும் காட்சி வேறு. சந்தைக்கு அருகிலுள்ள தொடர்பாடல் நிலையத்திலே, போட்டோப் பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் கணினிக்கு முன் அமர்ந்திருக்கின்றான். எதிரே பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு முதியவர், மகன் கட்டாரில். மகனுடைய பத்திரங்கள் தந்தையின் மடியில்.

முதியவரிடம் வங்கி அட்டை இல்லை. ஆகவே கடைக்காரன் தன் அட்டையாற் கட்டணத்தைச் செலுத்தி, அதற்குமேல் தன் கூலியையும் வைத்துப் பணம் வாங்கிக்கொள்கின்றான். முதியவரிடம் மின்னஞ்சல் முகவரியும் இல்லை. ஆகவே கடையின் முகவரியே படிவத்தில் ஏறுகின்றது. பிற்பாடு "இந்தப் பிரதி தெளிவில்லை, மீண்டும் அனுப்புக" என்று மறுமொழி வந்தால், அது நூறு பேருடைய மறுமொழிகளோடு கடையின் பெட்டியிலே கிடக்கும். கிழமைக்கொருமுறை முதியவர் சைக்கிளில் வந்து, "தம்பி, ஏதும் மறுமொழி வந்ததோ?" என்று கேட்பார். "இன்னும் இல்லை ஐயா, அடுத்த கிழமை வாங்கோ" என்பான் அவன். அவன் பொய் சொல்லவில்லை. பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அரசாங்கம் ஆற்றவேண்டிய பணியை அவனல்லவா ஆற்றுகின்றான்! ஆனால் ஒரு பிரஜைக்கும் அரசாங்கத்துக்கும் இடையே நடைபெறும் கடிதப் போக்குவரத்து மூன்றாம் ஒருவனின் பெட்டியிலே தங்கி நிற்பது முறையா? பிரஜையின் கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும் தெருவோரக் கணினியிலே பிரதியாய்க் கிடப்பது பாதுகாப்பா? அரச சேவையை இணையத்துக்கு ஏற்றியவர்கள், இணையத்தை எட்டமுடியாதவனுக்குப் படிக்கட்டு ஒன்றும் வைக்கவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாய் நிற்கும். படிவமோ குடும்பப் பெயரையும் பிற பெயரையும் வெவ்வேறாகக் கேட்கும். பிறப்புச் சான்றிதழ் தமிழில். கடவுச்சீட்டு ஆங்கில எழுத்தில். பழைய அடையாள அட்டையிலோ வேறொரு எழுத்துக்கூட்டல். "ழ"கரம் ஓரிடத்தில் ஒருவாறாகவும் மற்றோரிடத்தில் வேறொருவாறாகவும் பெயர்க்கப்பட்டிருக்கும். மூன்று பத்திரங்களில் மூன்று மனிதர் தோன்றுகின்றனர். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை அந்த ஒருவரின் தலையிலே விழுகின்றது.

படலையிலே பொலிஸ்

திரையில் நடப்பது பாதியே. விண்ணப்பத்திற் குறிக்கப்பட்ட முகவரிகள் எந்தெந்தப் பொலிஸ் பிரிவுகளைச் சேர்ந்தனவோ, அந்தந்த நிலையங்களுக்கு அது விசாரணைக்காகச் செல்லும். குற்றப் பதிவேடுகளோடும் ஒப்புநோக்கப்படும். உள்ளூர் உத்தியோகத்தர் வீட்டைத் தேடி வரலாம். அல்லது நிலையத்துக்கு வரும்படி தொலைபேசியில் அழைக்கலாம். இங்கேதான் கணினி யுகம் முடிந்து பழைய யுகம் தொடங்குகின்றது.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மகன் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்திருக்கின்றான்; தாயிடம் சொல்ல மறந்துவிட்டான். ஒருநாட் காலையில் படலையடியிலே பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கின்றது. வந்தவர் மகனுடைய பெயரைச் சொல்லி, "எங்கே?" என்கின்றார். மகனைத் தேடிச் சீருடை வந்த காலங்களை அந்தத் தாய் அறிவாள். அயல்வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்ததும், அப்பிள்ளை திரும்பி வாராததும் அவள் நெஞ்சை விட்டகலவில்லை. வந்த உத்தியோகத்தர் நல்லவராகவே இருக்கலாம். தம் கடமையைச் செய்யவே வந்திருக்கலாம். ஆனால் அவர் பேசுவது சிங்களம். அவளுக்குத் தெரிந்தது தமிழ். நற்சான்றிதழுக்கான விசாரணை இது என்று அவளுக்கு விளங்குவதற்குள் அவள் உயிர் பாதி போய்விடுகின்றது. அவள் சொன்ன மறுமொழியை அவர் தம் மொழியில் எழுதிக்கொண்டு, கையொப்பம் இடும்படி தாளை நீட்டுகின்றார். என்ன எழுதியிருக்கின்றதென்று அறியாமலே அவள் கையொப்பமிடுகின்றாள்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்றது. அதனை எதிர்த்துத் தமிழ் பேசும் மக்கள் நடத்திய அறப்போர்களின் வரலாறு இப்பத்திரிகையின் வாசகர்க்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. நெடுங்காலம் ஏட்டளவிலே நின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின் பின், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இன்னும் தெளிவாகப் பேசுகின்றது: வட, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ், அங்கே பொதுப் பதிவேடுகள் பேணப்படுவதும் பொது நிறுவனங்களின் கருமங்கள் ஆற்றப்படுவதும் தமிழிலேயே ஆகவேண்டும். பொலிஸ் நிலையம் பொது நிறுவனம் அன்றோ? அதன் ஏடு பொதுப் பதிவேடு அன்றோ?

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையிலே, இரு மொழியும் அறிந்த உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் 24 மணி நேரமும் இருத்தல் வேண்டும் என விதந்துரைத்தது. இதனைச் சொன்னது நமது கட்சிக் கூட்டமன்று; அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. கடவுள் வரங் கொடுத்தாலும் பூசாரி இடங் கொடான் என்பார்கள். இங்கே அரசியலமைப்பு வரங் கொடுத்துவிட்டது, ஆணைக்குழுவும் வழிமொழிந்துவிட்டது, இடங் கொடுக்கத்தான் ஆளில்லை.

முகவரி எங்கே?

படிவத்தில் ஒரு கூடு உண்டு: குறிப்பிட்ட காலத்தில் நீர் வாழ்ந்த முகவரிகள் யாவை? கண்டியிலோ காலியிலோ பிறந்து, தந்தையின் வீட்டிலேயே வளர்ந்த ஒருவருக்கு இஃது ஒரு வரியில் முடியும் கேள்வி. எங்கள் மக்களுக்கோ இது ஒரு சரித்திரப் பாடம்.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்தனர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2017ஆம் ஆண்டிலேதான். முகாமிலே பிறந்து, முகாமிலே வளர்ந்து, முகாமிலேயே வாக்குரிமை வயதை அடைந்த ஒரு தலைமுறை அங்கே உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள் புத்தளத்துக் குடிசைகளிலே பல்லாண்டு கழித்தனர். 2009ஆம் ஆண்டிலே வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலே கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்டனர். அந்தக் கூடாரத்துக்கு இலக்கம் உண்டு. வீதிப் பெயர் உண்டா? அங்கிருந்தான் என்று இன்று சான்று கூற எந்தக் கிராம உத்தியோகத்தர் இருக்கின்றார்?

பத்தாண்டுக் கணக்கு மட்டும் கேட்கும் நாட்டுக்குச் செல்லும் இளைஞனுக்கு இச்சிக்கல் ஓரளவு குறையலாம். ஆனால் மகள் அழைக்க அமெரிக்கா செல்லும் அறுபது வயதுத் தந்தைக்கு எல்லை ஏது? அவருடைய வாழ்வில் எட்டு முகவரிகள். எட்டும் யுத்தம் எழுதிய முகவரிகள். அவற்றுள் சில இடங்களில் அக்காலத்திலே அரசாங்கத்தின் பொலிஸ் நிலையமே இயங்கவில்லை. இயங்காத நிலையத்தின் ஏட்டிலிருந்து என்ன அறிக்கை வரும்? விடுபட்ட முகவரியை அவர் மறைத்ததாகக் கருதினால் அது நீதியா? அரசின் யுத்தத்தால் முகவரியை இழந்தவனிடம், "உன் முகவரி ஏன் தெளிவில்லை?" என்று அதே அரசு கேட்பது எவ்வளவு விந்தை!

மலையகத்து உடன்பிறப்புகளின் நிலை இதிலிருந்து சற்றே வேறுபட்டது. அவர்கள் இடம்பெயரவில்லை, தலைமுறை தலைமுறையாய் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. தபால் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்தைச் சேரும், சேராமலும் போகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அந்த மக்கள், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்தனர். இன்று கையிலே பிரஜாவுரிமை உண்டு. கதவிலே இலக்கம் இல்லை. வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் தோட்டத்துப் பெண்ணுக்குச் சான்றிதழ் தபாலில் அனுப்பப்பட்டுவிட்டது என்று திரை கூறும். அவள் கைக்கு அது எப்போது வரும் என்று எவர் கூறுவார்?

பதிவு என்பது தீர்ப்பா?

இனி எல்லாவற்றினும் பாரதூரமான விடயத்துக்கு வருவோம். சான்றிதழின் சாரம் ஒரே வசனத்தில் அடங்கும்: இவருக்கு எதிரான பதிவு உண்டா, இல்லையா? அந்தப் "பதிவு" என்ற சொல்லிலேதான் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞரின் எதிர்காலம் தொங்குகின்றது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடு பிறந்தது. 1982ஆம் ஆண்டில் அது நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளையின் பேரில் ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே அதனை 12 மாதமாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அச்சட்டம் சான்றாக ஏற்றது. அச்சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டவருள் குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்யப்படாமல் விடுவிக்கப்பட்டவர் உளர். ஆண்டுக்கணக்கில் மறியலில் இருந்தபின் நிரபராதி என நீதிமன்றம் விடுதலை செய்தவரும் உளர். யுத்த முடிவின் பின் அரசாங்கமே புனர்வாழ்வு அளித்துச் சமூகத்தில் இணைத்ததாக அறிவித்தவர் ஆயிரக்கணக்கானோர்.

நாம் கேட்கின்றோம்: இவர்களுடைய பெயர்கள் பொலிஸ் ஏட்டிலே எவ்வாறு நிற்கின்றன? பிடித்த நாள் ஏட்டில் ஏறியது. விடுவித்த நாளும் அதே ஏட்டில் ஏறியதா? சந்தேகம் எழுதப்பட்டது; சந்தேகம் நீங்கியதும் எழுதப்பட்டதா? அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றவாளியென எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென ஊகிக்கப்படுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. அவ்வாறாயின், நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்க்காத ஒருவருக்கு எதிராகப் பொலிஸ் ஏடு தீர்ப்புக் கூறலாமா? நீதிபதியின் ஆசனத்தில் எழுதுவினைஞர் அமரலாமா?

குற்றவாளிகள் தப்பி ஓடிவிடுவரே என்று வாதிடுவாரும் உளர். அவர்களுக்கு நமது விடை எளிது. வழக்கு நிலுவையில் உள்ளவரின் கடவுச்சீட்டைத் தடுத்து வைக்கவும், நாட்டை விட்டு வெளியேறத் தடை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது வெளிப்படையானது, சட்டத்தரணி மூலம் எதிர்த்து வாதாடக்கூடியது. அதற்கு மாறாக, காரணம் கூறாமலே ஒரு விண்ணப்பத்தை மாதக்கணக்கிற் கிடப்பில் போடுவது நீதியுமன்று, பாதுகாப்புமன்று. மறுப்பை எதிர்த்து மனிதன் வழக்காடலாம். மௌனத்தை எதிர்த்து எந்த மன்றில் வழக்காடுவான்?

நமது கோரிக்கைகள்

குறைகளை அடுக்கிவிட்டு ஒதுங்குவது நமது மரபன்று. ஆகவே ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, மொழி. விண்ணப்பம், மறுமொழி, வீட்டு விசாரணை, வாக்குமூலம் ஆகிய ஒவ்வொரு படியும் விண்ணப்பதாரியின் மொழியில் நடைபெறல் வேண்டும். தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் எவரிடமும் கையொப்பம் வாங்கலாகாது. வட, கிழக்குக்கு வெளியே கொழும்பிலும் மலையகத்திலும் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கும் இது உரியது.

இரண்டாவது, காலம். இத்தனை நாட்களுக்குள் சான்றிதழ் அல்லது காரணங் காட்டிய எழுத்து மூல மறுப்பு என்ற விதி வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கவேண்டும் என 2016ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் விதித்துள்ளது. ஏனைய திணைக்களங்களுக்கும் இயலும் விதி இங்கே இயலாதா?

மூன்றாவது, இடம். கடவுச்சீட்டுக்கான பிராந்திய அலுவலகம் 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் திறந்துவைக்கப்பட்டது. கடவுச்சீட்டை யாழ்ப்பாணத்தில் வழங்கலாமென்றால், நற்சான்றிதழை ஏன் வழங்கலாகாது? யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நகரங்களில் அதற்கான கிளைகள் வேண்டும். பிரதேச செயலகங்கள்தோறும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும் பணத்தைக் கையாற் பெறவும் ஓர் உத்தியோகத்தர் வேண்டும். மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் 13ஆம் திருத்தத்திலே எழுதப்பட்டும் கொடுக்கப்படாமல் கிடக்கின்றது. அது கொடுக்கப்பட்டிருக்குமாயின் இன்று இக்கட்டுரைக்கே தேவை ஏற்பட்டிராது.

நான்காவது, முகவரி. யுத்தத்தாலும் வெளியேற்றத்தாலும் ஏற்பட்ட இடப்பெயர்வுக்கு விண்ணப்பதாரியின் சத்தியக் கடதாசியே போதிய சான்றாக ஏற்கப்படல் வேண்டும். தோட்ட மக்களுக்குத் தபாலில் மட்டுமன்றி, பிரதேச செயலகத்தில் நேரிற் பெறும் வசதியும் வேண்டும்.

ஐந்தாவது, ஏடு. நீதிமன்றம் விதித்த குற்றத்தீர்ப்பே எதிரான பதிவு; கைதோ, தடுத்துவைப்போ, சந்தேகமோ, புனர்வாழ்வோ பதிவாகாது என்று சட்டத்தாலே வரையறுக்கப்படல் வேண்டும். தம் பெயர் பற்றிய பதிவைப் பார்க்கவும், தவறு இருப்பின் திருத்துவிக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை வேண்டும்.

இவை சலுகைகளல்ல. ஐந்தில் எதுவும் பிற இனத்தவர் எவருடைய உரிமையையும் ஒரு துரும்பளவேனும் குறைப்பதன்று. மாத்தறைச் சிங்களத் தொழிலாளியும் இதே சான்றிதழுக்காகவே காத்திருக்கின்றான். காலவரையறை வந்தால் அவனும் பயன்பெறுவான்.

வாசகர்க்கு ஒரு சொல்

அரசாங்கம் திருந்தும் வரை நாமும் கைகட்டி இருக்கலாகாது. விண்ணப்பிக்கும் அன்பர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையுமே கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது தெரியும்; கேட்டுச் செய்விப்பதில் வெட்கமில்லை. விண்ணப்ப இலக்கத்தை எழுதி வையுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளவாறே அமையட்டும். பத்திரங்களிடையே வேற்றுமை இருப்பின் முன்கூட்டியே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போர் ஊரிலுள்ள தாய் தந்தையர்க்கு முதலிலே அறிவித்துவிடுங்கள். படலையடியில் அவர்கள் திடுக்கிட வேண்டாம். "விரைவாக எடுத்துத் தருகின்றேன்" என்று வரும் தரகருக்கு ஒரு சதமும் கொடாதீர். பிந்தினால் எழுத்திலே முறையிடுங்கள், தமிழிலே முறையிடுங்கள். தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி வாராவிடின், அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவ்வாணைக்குழுவை அமைத்தது அதற்காகவே. கேளாத உரிமை துருப்பிடித்துப் போகும்.

இன்னுமொன்று சொல்லி முடிப்போம். ஊரின் இளைஞரும் யுவதிகளும் இச்சான்றிதழுக்காகத் தொடர்பாடல் நிலையங்களை நாடிச் செல்வதைக் காணும்போது நமது நெஞ்சு இரண்டு விதமாக வருந்துகின்றது. அவர்கள் பெறுவது தாமதமாகின்றதே என்பது ஒரு வருத்தம். அவர்கள் போகவேண்டி இருக்கின்றதே என்பது மற்றையது. இரண்டாவது வருத்தத்தைக் காரணங் காட்டி முதலாவதைப் பொறுத்துக்கொள்ளும்படி எவரும் கூறவேண்டாம். போக விரும்புபவன் தலை நிமிர்ந்து போகட்டும். இருக்க விரும்புபவன் தலை நிமிர்ந்து இருக்கட்டும். இரண்டுக்கும் தேவையானது ஒன்றே: தன் மொழியிலே, தன் ஊரிலே, அச்சமின்றித் தன் அரசாங்கத்தோடு பேசும் உரிமை.

எங்கள் பிள்ளைகள் நல்லவர்கள் என்பதற்குச் சான்றிதழ் கேட்கின்றது அரசு. கொடுக்கின்றோம்; எந்த ஏட்டையும் புரட்டிப் பார்க்கட்டும். பதிலுக்கு அரசும் தன் நற்சான்றிதழை எங்களிடம் காட்டக் கடமைப்பட்டிருக்கின்றது. அந்த விண்ணப்பத்தை நாம் 1956ஆம் ஆண்டிலிருந்தே நிரப்பிக் கொடுத்து வருகின்றோம். மறுமொழி எப்போது வரும்?